டராண்டுலாவுக்கு என்ன சாப்பாடு?



விலங்குலகம் பாடம் நடத்தும்போது அறிவியல் டீச்சர் ஒரு படம் காட்டினார். ஒரு பொண்ணோட உள்ளங்கை முழுக்க, மயிர் மயிராக, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்திருந்தது. "இதுக்குப் பேரு டராண்டுலா. வெளிநாட்டுல நாய், பூனை மாதிரி இதை வீட்டுல வளக்குறாங்க" என்றார். எல்லாரும் "ஐயய்யே!" என்று கத்தினோம்.

"சரி, உங்க வீட்டுல இது இருந்தா என்ன சாப்பாடு போடுவீங்க?" என்று டீச்சர் கேட்டார். ஒருத்தி பால் என்றாள். ஒருத்தன் ரொட்டி என்றான். ரசஞ்சோறு என்று ஒருத்தி. கடைசி பெஞ்சிலிருந்து "ரத்தம் டீச்சர்!" என்று ஒரு சத்தம். டீச்சர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். மற்ற வகுப்பினருக்காக அதையும் கீழே எழுதியிருக்கிறேன். "நீயே படிச்சுச் சுவர் இதழ்ல எழும்மா" என்றார். நூலகப் புத்தகத்தில் படித்ததையும் டீச்சர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

டராண்டுலா என்றால் என்ன?

டராண்டுலா பூச்சி கிடையாது. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டுக் கால். நாம் எட்டுக்கால் பூச்சி என்று சொன்னாலும் அது சிலந்தி இனம்தான். இத்தாலி நாட்டில் டாரன்டோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கம் இருந்த ஒரு சிலந்திக்கு முதலில் இந்தப் பெயர் வந்தது. அது வேறு சாதிச் சிலந்தி. பிறகு அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் இருக்கிற பெரிய மயிர்ச் சிலந்திகளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இவற்றில் 1000-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

எல்லாவற்றிலும் எடை கூடியது தென் அமெரிக்காவில் உள்ள கோலியாத் சிலந்தி. காலை நீட்டினால் நம் அடி ஸ்கேல் நீளத்தைத் தொடும். எடை சுமார் 170 கிராம் வரை இருக்கும். அதாவது மூன்று கோழிமுட்டை எடை! வீட்டில் வளர்ப்பவர்கள் அதிகம் விரும்புவது மெக்சிகோ நாட்டுச் செம்முழங்கால் சிலந்தியை. டீச்சர் காட்டிய படம் அதுதான். பெண் சிலந்தி 20 வருடத்துக்கு மேலும் வாழும். ஆண் சிலந்திக்கு ஆயுள் ரொம்பக் குறைவு.

பறவை தின்னுமா?

கோலியாத் சிலந்திக்குப் 'பறவைதின்னி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. மரியா சிபில்லா மேரியன் என்ற பெண் ஓவியர் தென் அமெரிக்காவில் சுரினாம் என்ற இடத்துக்குப் போய்ப் பூச்சிகளையும் செடிகளையும் வரைந்தார். 1705-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற ஒரு சின்னப் பறவையைத் தின்பது போல ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் பரவியது. உண்மையில் எப்போதாவதுதான் பறவை மாட்டும். அன்றாடச் சாப்பாடு மண்புழு, பூச்சி, சில நேரம் தவளை.

அது எப்படிச் சாப்பிடும்?

இதைத் தெரிந்துகொண்டால் ரசஞ்சோறு ஏன் உதவாது என்று புரிந்துவிடும். சிலந்திக்கு மென்று தின்ன நம்மை மாதிரி பல் வரிசை இல்லை. முன்னால் இரண்டு கொடுக்கு மாதிரி நச்சுப்பல் இருக்கிறது. அதை இரையின் உடம்பில் குத்தி விஷத்தை இறக்கும். இரை அசையாமல் போனதும், தன் வயிற்றில் இருக்கிற செரிமான நீரை அதன் மேல் கக்கும். நமக்கு இரைப்பைக்குள் நடப்பது அதற்கு வெளியிலேயே நடக்கிறது. இரையின் சதை கஞ்சி மாதிரி கரைந்துவிடும். அந்தக் கஞ்சியை உறிஞ்சிக் குடிக்கும். கடைசியில் ஓடும் சக்கையும் மட்டும் சின்ன உருண்டையாகக் கிடக்கும்.

இன்னொன்று, டராண்டுலாவுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டம். தரையில் ஏற்படும் அதிர்வைக் கால் மயிரால் உணர்ந்துதான் இரை வந்திருப்பதைக் கண்டுபிடிக்கும். அசையாத சோறு முன்னால் கிடந்தால் அது சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது. சோறு புளித்துப் பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம்.

எதைக் கொடுக்கலாம்?

வளர்ப்பவர்கள் கொடுக்கிற சாப்பாடு இவை:

1. சுவர்க்கோழி: ராத்திரி மூலையில் இருந்துகொண்டு கிர்ர் கிர்ர் என்று கத்துமே, அதுதான். வெளிநாட்டில் இதைப் பண்ணையில் வளர்த்து டப்பாவில் போட்டு விற்கிறார்கள். நம் ஊரில் கோழிக்குஞ்சு விற்கிற மாதிரி!

2. கரப்பான்: நம் அடுப்படியில் ஓடுகிற கரப்பான் இல்லை. டுபியா என்ற தென் அமெரிக்கக் கரப்பான். கத்தாது, கண்ணாடிச் சுவரில் ஏறாது. அதனால் வளர்ப்பவர்களுக்குப் பிடிக்கும்.

3. மாவுப்புழு: ஒரு வகை வண்டின் புழு. தவிட்டில் வளர்ப்பார்கள். இதில் ஒரு தொல்லை. பெட்டிக்குள் விட்டதும் மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் தலையை நசுக்கிப் போடுவார்கள், அல்லது இடுக்கியில் பிடித்து நேரடியாகக் கொடுப்பார்கள்.

4. பண்ணையில் வளர்த்த வெட்டுக்கிளி.

'பண்ணையில் வளர்த்த' என்பதை மறுபடி ஒரு தடவை படியுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இரைக்கும் சாப்பாடு போட வேண்டும். பட்டினி கிடந்த சுவர்க்கோழி வெறும் ஓடு. அதனால் சிலந்திக்குக் கொடுப்பதற்கு ஒருநாள் முன்னாலேயே அந்தப் பூச்சிக்குக் கேரட், கீரை, ஓட்ஸ் எல்லாம் போடுகிறார்கள். பசு நல்லாத் தின்றால்தான் பால் நல்லா இருக்கும் என்பது மாதிரிதான்.

எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

அளவுக்கு ஒரு சுலபமான விதி இருக்கிறது. சிலந்தியின் உடம்பு இரண்டு பாகம். முன்பாகத்தில் கால்கள் இருக்கும். பின்னால் உருண்டையாக இருப்பது வயிறு. இரை அந்த வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய இரை திருப்பித் தாக்கிவிடலாம்.

குஞ்சுச் சிலந்தி நம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக இருக்கும். அதற்கு உயிருள்ள இரை வேண்டாம். சுவர்க்கோழியின் ஒரு காலை வெட்டிப் போட்டால் போதும், அதிலேயே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். வாரத்துக்கு இரண்டு தடவை கொடுக்கலாம். வளர்ந்த சிலந்திக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு தடவை போதும்.

"பாவம், பட்டினி போடுறாங்களே" என்று நினைக்க வேண்டாம். டராண்டுலா ஓடியாடுவது இல்லை. வளைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். செலவு குறைவு, வரவும் குறைவு. சிலி நாட்டு ரோஜாச் சிலந்தி தானாகவே மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். தண்ணீர் மட்டும் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

மாறாக, பிரியத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தால்தான் ஆபத்து. வயிறு பலூன் மாதிரி ஊதிவிடும். சிலந்தியின் உடம்பு முழுக்க நீர் அழுத்தம்தான். அந்த அழுத்தத்தில்தான் அது காலை நீட்டுகிறது. ஊதிய வயிற்றோடு கண்ணாடிச் சுவரில் ஏறிக் கீழே விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகும். ஒரு முழ உயரம்கூட அதற்கு அதிகம்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பாட்டில் மூடி மாதிரி ஆழமில்லாத கிண்ணம் போதும். பஞ்சை நனைத்து வைக்கக் கூடாது, அழுக்குச் சேர்ந்து நாறிவிடும்.

சாப்பாடு கொடுக்கக் கூடாத நேரம்

பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி சிலந்தியும் உரிக்கும். அப்போதுதான் வளர முடியும். உரிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே சாப்பிடுவதை நிறுத்திவிடும். வயிறு கறுத்துப் பளபளக்கும். பிறகு ஒருநாள் மல்லாக்கப் படுத்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவது உண்டாம்! செத்த சிலந்தி பெரும்பாலும் குப்புறவே கிடக்கும். நீர் அழுத்தம் போய்விடுவதால் கால் எல்லாம் உள்பக்கம் சுருண்டு, மூடிய கைவிரல் மாதிரி இருக்கும். மல்லாக்கக் கால் பரப்பிக் கிடந்தால் உயிரோடு இருக்கிறது, தொடக்கூடாது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் பெட்டியில் சுவர்க்கோழி இருக்கவே கூடாது. தோல் உரித்த சிலந்தி பச்சைக் குழந்தை மாதிரி மெத்தென்று இருக்கும். நச்சுப்பல்கூட வெள்ளையாக, கெட்டிப்படாமல் இருக்கும். அப்போது சாப்பாடாகப் போன சுவர்க்கோழியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். நச்சுப்பல் கறுத்துக் கெட்டியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரமோ, பெரிய சிலந்தியாக இருந்தால் அதற்கும் மேலோ ஆகும்.

மற்ற நாட்களிலும், போட்ட இரையை ஒரு நாளுக்குள் தின்னவில்லை என்றால் வெளியே எடுத்துவிட வேண்டும்.

கொடுக்கவே கூடாதவை

பூரான், குளவி, எறும்பு, கும்பிடுபூச்சி: இவை எல்லாம் சண்டைக்காரர்கள். யார் யாரைத் தின்பார்கள் என்று சொல்ல முடியாது.

சோறு, பால், ரொட்டி: காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

கறித்துண்டு: அழுகி நாற்றமடிக்கும். பூஞ்சையும் சின்ன ஈக்களும் வரும்.

வெளியில் பிடித்த பூச்சி: இதுதான் முக்கியம். அதன் வயிற்றில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். அதைவிட, அது எந்தக் காட்டில் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டேன்.

என் பாட்டில் சிலந்தி

எங்கள் வீட்டு விறகு அடுக்கில் ஒரு பெரிய சிலந்தி இருந்தது. டராண்டுலா இல்லை. சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, கரப்பானைத் துரத்தி ஓடுமே, அந்த வகை. அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். அடுப்படியில் பிடித்த சின்னக் கரப்பான் போடுவேன். பகலில் தொடாது. காலையில் பார்த்தால் இறக்கை மட்டும் கிடக்கும். பேனா மூடியில் தண்ணீர் வைத்தேன். இப்படி 19 நாள் நல்லா இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒருநாள் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் கரப்பான் கிடைக்கவில்லை. பருத்திக் காட்டுக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வரப்பில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. கையை வைத்தேன், குதிக்கவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். "இன்னிக்கு லேசாக் கிடைச்சிடுச்சு" என்று பாவாடைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து பாட்டிலில் விட்டேன். ராத்திரி சிலந்தி அதைப் பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

காலையில் எழுந்து பார்த்தால் சிலந்தி எட்டுக் காலையும் சுருட்டிக்கொண்டு கிடந்தது. பாட்டிலைத் தட்டினேன். அசையவில்லை.

டீச்சரிடம் போய் அழுதேன். டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நல்லா இருக்குற வெட்டுக்கிளி உன் கைக்கு அவ்வளவு லேசா மாட்டுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல்நாள்தான் அப்பா அந்தக் காட்டுக்கு மருந்து அடித்திருந்தார். பூச்சிமருந்துகளில் பல, நரம்பைத் தாக்குகிறவை. பூச்சி உடனே சாகாவிட்டாலும் குதிக்க முடியாமல், பறக்க முடியாமல் மயங்கி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் நாம் 'லேசாக் கிடைச்சது' என்று நினைக்கிறோம். சிலந்தி அதன் உடம்பைக் கரைத்துக் குடிக்கும்போது மருந்தையும் சேர்த்துத்தான் குடிக்கிறது. மருந்துதான் காரணம் என்று நான் சோதனை செய்து பார்க்கவில்லை. ஆனால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கு அதிக வருத்தம் என்ன தெரியுமா? இந்த விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். காட்டுக்கு மருந்து அடித்தால் எங்கள் அப்பத்தா கோழியை எல்லாம் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடும். "செத்த பூச்சியைக் கொத்துச்சுன்னா கோழியும் போயிரும்டி" என்று சொல்லும். எத்தனையோ தடவை நானே பஞ்சாரத்தின் மேல் கல் தூக்கி வைத்திருக்கிறேன். கோழிக்குத் தெரிந்த நியாயம் சிலந்திக்கும் உண்டு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "விறகு அடுக்குல இருந்தவரைக்கும் அதுக்கு எது வேணுமோ அதுவே பாத்துக்கிச்சு. பாட்டிலுக்குள்ள வந்தப்புறம் நீ போடுறதுதான் சாப்பாடு. அதுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது." இதை நான் மறக்க மாட்டேன்.

நம்ம பக்கத்து டராண்டுலா

டராண்டுலா வெளிநாட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், இலங்கையிலும் மரப்பொந்தில் வாழும் டராண்டுலாக்கள் உண்டு. உடம்பில் கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கும்.

பக்கத்து மாநிலமான ஆந்திராவில் நீலநிற டராண்டுலா ஒன்று இருக்கிறது. மயில்கழுத்து நிறம்! 1899-ல் பொக்காக் என்ற விஞ்ஞானி இதைப் பற்றி முதலில் எழுதினார். அவருக்குக் கிடைத்த சிலந்தி கூட்டி என்ற ஊர் ரயில்வே மரக்கிடங்கில் பிடிபட்டது. அதற்கப்புறம் நூறு வருடம் அது விஞ்ஞானிகள் கண்ணில் படவில்லை. 2001-ல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி பார்த்தார்கள். காட்டில் மரம் குறைந்துவிட்டது, வளர்ப்புக்கு என்று பிடித்துக்கொண்டும் போகிறார்கள். அதனால் 2008-ல் இதை மிகவும் அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று அறிவித்தார்கள். 2019-ல் இந்தச் சிலந்தி வகை முழுவதையும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு விற்கக் கூடாது. எனவே யாரும் மலைக்குச் சுற்றுலா போகும்போது பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்!

வயலில் இருக்கிற சின்னச் சிலந்திகளும் சும்மா இல்லை. நெல்வயலில் ஓடுகிற ஓநாய்ச் சிலந்தி, நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியை நாள் ஒன்றுக்கு 5 முதல் 15 வரை தின்னும். கூலி வாங்காத காவல்காரர்.

முடிவுரை

இப்போது டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். டராண்டுலாவுக்கு உயிருள்ள, அதன் வயிற்றைவிடச் சின்னதான, மருந்து படாத இடத்தில் வளர்ந்த, நல்லாச் சாப்பிட்ட பூச்சியைக் கொடுக்க வேண்டும். உரிக்கும்போது ஒன்றும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் எப்போதும் வேண்டும்.

நம்மில் யாரும் டராண்டுலா வளர்க்கப் போவதில்லை. ஆனால் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்திருப்பவர்கள் நம் பள்ளியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளையிலிருந்து விழுந்த அணில் குஞ்சை எடுத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோழிக்குஞ்சு இல்லாத வீடே இல்லை. ஓர் உயிரை அடைத்து வைத்துவிட்டால் அதன் சாப்பாட்டுக்கு நாம்தான் பொறுப்பு. நமக்குப் பிடித்ததைக் கொடுக்கக் கூடாது, அதற்கு ஏற்றதைக் கொடுக்க வேண்டும். அது தெரியவில்லை என்றால் திறந்து விட்டுவிடலாம். நான் இப்போது விறகு அடுக்கில் இன்னொரு சிலந்தியைப் பார்க்கிறேன். பாட்டிலைக் கழுவி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதில் இப்போது கடுகு இருக்கிறது.

சரியா? தவறா? கண்டுபிடியுங்கள்

1. டராண்டுலா இரையை மென்று தின்னும்.
2. இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.
3. மல்லாக்கக் கால் பரப்பிக் கிடக்கும் டராண்டுலா தோல் உரித்துக்கொண்டிருக்கலாம்.
4. வயலில் குதிக்காமல் உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி நல்ல சாப்பாடு.
5. ஓநாய்ச் சிலந்தி உழவர்களுக்கு நண்பன்.

விடைகள்: 1. தவறு 2. தவறு 3. சரி 4. தவறு, தவறு, தவறு! 5. சரி



ஒன்பதாம் வகுப்பு மாணவி